இடைக்கால ஏற்பாடு

ஜூன் 9

அனைத்திந்திய மாணவர் கூட்டவையைச் சீர்திருத்தப் போகிறோம். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தலைவர் பரந்தாமன் அண்ணன் போன் செய்து சொன்னார். விதித் திருத்தக் குழுவுக்கு நான் செயலாளர்.

"இசக்கி, நீ சட்டத்துல ஆராய்ச்சி பண்றவன். எழுதற கை. உன்னை விட்டா யாரு இருக்கா" என்றார்.

எனக்கு முன்னால் வேறு சிலரைக் கேட்டு அவர்கள் நழுவியது எனக்குத் தெரியும். இருந்தாலும் சரி என்றேன். வாயில் நுரையை வைத்துக்கொண்டு மறுப்பது கஷ்டம்.

திடீர்ச் சீர்திருத்தத்துக்குக் காரணம் ஒரு வாரப் பத்திரிகை. 'மாணவர் தலைவருக்கு நாற்பத்து மூன்று வயது, மகன் பிளஸ் ஒன்' என்று படத்தோடு போட்டுவிட்டார்கள். படத்தில் தொப்பை தெரிகிறது. அண்ணனுக்கு அதுதான் கோபம், செய்தியைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை.

சட்டப்படி அவர் மாணவர்தான். வருடா வருடம் அஞ்சல் வழியில் ஏதாவது ஒரு சான்றிதழ் படிப்பில் சேர்ந்துவிடுவார். போன வருடம் யோகா. இந்த வருடம் காளான் வளர்ப்பு. எதையும் முடித்ததில்லை. முடித்துவிட்டால் மாணவர் இல்லை என்றாகிவிடுமே.

ஜூன் 14

குழுவின் முதல் கூட்டம். இடம், ராயப்பேட்டையில் மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் நம் தலைமை அலுவலகம். ஏழு பேர் குழுவில் மூன்று பேர் வந்தோம். அண்ணன், நான், இங்கே எம்.டெக். படிக்கும் ஒடிசாக்காரர் பிஸ்வஜித். பிஸ்வஜித்துக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கத் தெரியும். தேசிய அளவிலான அமைப்பில் இது பெரிய தகுதி.

முதல் விவாதம் குழுவின் பெயரைப் பற்றி. "சீர்திருத்தம்னா ஏதோ தப்பு நடந்த மாதிரி இருக்குப்பா" என்றார் அண்ணன். சீரமைப்பு என்றால் ஏதோ இடிந்து விழுந்த மாதிரி இருந்தது. கடைசியில் 'விதிகளைச் செழுமைப்படுத்தும் குழு' என்று ஏகமனதாக முடிவாயிற்று. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. கூட்டம் இனிதே முடிந்தது.

பஸ்ஸில் பழைய விதிகளைப் படித்தேன். பொதுக்குழுதான் செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும். பொதுக்குழுவில் யார் யார் இருப்பது என்பதைச் செயற்குழு தீர்மானிக்கும். இந்த ஏற்பாடு இத்தனை வருடங்களாக ஒரு சச்சரவும் இல்லாமல் ஓடுவதில் ஆச்சரியம் இல்லை.

ஜூன் 20

அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் பெனிட்டா. சொந்த ஊர் தூத்துக்குடி, படிப்பது கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம். அங்கே நம் கிளைக்குச் செயலாளர். விடுதிக் குடிதண்ணீரில் புழு நெளிவதை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறாள். நிர்வாகம் தொட்டியைக் கழுவவில்லை, வீடியோ எடுத்தவர்களைக் கழுவிவிட்டது. ஐந்து பேர் இடைநீக்கம். இப்படியே போனால் வருகைப் பதிவு போதாமல் நவம்பர் தேர்வு எழுத முடியாது.

"கூட்டவையிலிருந்து ஒரு குழு வந்து பேசினா கேப்பாங்கண்ணே. பல்கலைக்கழகத்துல முறையிட நமக்கு உரிமை இருக்குல்லா. என்ன செய்வியன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றாள்.

உரிமை இருக்கிறது. ஆனால் அதற்குச் செயற்குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். செயற்குழு கூடிப் பல காலம் ஆயிற்று. ஒருவர் போபாலில் வங்கி அதிகாரி. ஒரு துணைத் தலைவர் கனடாவில் வீட்டோடு மாப்பிள்ளை. பொதுச் செயலாளர் எங்கே என்று அவர் வீட்டிலேயே தேடுகிறார்கள்.

இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது. "அமைப்பு இப்போது சீர்திருத்தத்தில் இருக்கிறது" என்றேன்.

"அதுவரைக்கும் நாங்க அந்தத் தண்ணியக் குடிக்கணுமாண்ணே?"

நான் அவளுக்கு டீ சொன்னேன். குடிக்காமல் போய்விட்டாள்.

ஜூன் 21

துணி துவைத்தேன். ஆராய்ச்சியின் மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி நினைத்தேன். மறுபடியும் துணி துவைத்தேன்.

ஜூலை 2

வரைவு முடிந்தது. நானே சொல்லக்கூடாது, நன்றாக வந்திருக்கிறது. மூன்றே விஷயம். கிளைகள் வாக்களித்துப் பிரதிநிதிகளை அனுப்ப வேண்டும். செயற்குழு கூடாவிட்டால் தானாகக் கலைந்துவிடும். பொறுப்பில் இருப்பவர்களுக்கு வயது இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது.

எனக்கு இருபத்தொன்பது. எனக்குப் பதவி ஆசை கிடையாது என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். இந்த நாட்குறிப்பை வேறு யாரும் படிக்கப் போவதில்லை, ஆனாலும் பதிந்து வைக்கிறேன்.

முதல் விஷயத்தை அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் நாக்பூரில் பொதுக்குழு. இந்த முறையே கிளைகள் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும் என்றார். "பேப்பர்காரன் வாயை அடைக்கலாம். சின்னப் பசங்கதானே, ஊர் சுத்திப் பாக்க வருவாங்க, கை தூக்கச் சொன்னா தூக்குவாங்க."

வயது விஷயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார்.

ஜூலை 6

பெரம்பூரில் அண்ணன் வீடு. அண்ணி பெயர் திலகவதி, பள்ளிக்கூட ஆசிரியை. வஞ்சிரம் வறுவலும் ரசமும். சீர்திருத்தவாதியை வளைக்க மீன் ஒன்றும் மோசமான வழி இல்லை. நான் வளையவில்லை. சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணி, "தம்பி, அந்த வயசு விதியை எப்படியாவது கொண்டு வந்துடுங்க. இவரு ஒரு நாளாவது வீட்டுல இருக்கட்டும். இவரு பையனோட கிளாஸ் டீச்சர், 'அப்பா என்ன பண்றார்'னு கேக்கறாங்க. படிக்கிறார்னு சொல்றான். எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றார்.

அண்ணன் முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்தார்.

பிறகு மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். இருபத்திரண்டு வயதில் விடுதிக் கட்டணப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனாராம். வெளியே வந்தபோது ரயில்வே வேலைக்கான ஆர்டர் காலாவதியாகிவிட்டதாம். "அன்னைக்கு ஸ்டேஷன் வாசல்ல ஆயிரக்கணக்குல பசங்க, இசக்கி. தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. இதை விட்டா நான் யாரு, சொல்லு."

காளான் வளர்ப்பு மாணவர் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

"உடனே எல்லாரையும் அனுப்பிட்டா கட்டடம் ஆடிப் போயிடும். ரெண்டு தேர்தல் வரைக்கும் இருக்கறவங்க இருக்கட்டும்னு ஒரு வரி போடு. இடைக்கால ஏற்பாடு. அப்புறம் பொதுச் செயலாளர் காலியாத்தான் இருக்கு. நீ பாத்துக்கோ. தற்காலிகமா."

ஜூலை 8

யோசித்துப் பார்த்தால் இடைக்கால ஏற்பாடு நியாயமான ஒன்று. எல்லா நல்ல சட்டங்களிலும் அப்படி ஒரு பிரிவு இருக்கும். சேர்த்துவிட்டேன். இதற்கும் பொதுச் செயலாளர் பொறுப்புக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல்.

ஜூலை 11

எனக்குத் தனி அறை. ஏ.சி. இருக்கிறது, ஓடவில்லை. சுழல் நாற்காலி இருக்கிறது, இடது பக்கம் மட்டும் சுழலும். கதவில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். 'இ. இசக்கிராஜ், பொதுச் செயலாளர் (பொறுப்பு)'. அடைப்புக்குறிக்குள் இருப்பது தூரத்திலிருந்து தெரியாது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "சம்பளம் உண்டா?" என்று கேட்டாள். சிலருக்கு எதையும் ரசிக்கத் தெரியாது.

என் ஆராய்ச்சி வழிகாட்டி வேதநாயகி மேடம் போன் செய்தார்கள். எடுக்கவில்லை. பொறுப்புகள் கூடிவிட்டன.

ஜூலை 19

வரைவைக் கிளைகளுக்கு அனுப்பியிருந்தோம். பெனிட்டா போன் செய்தாள்.

"முழுசும் படிச்சேண்ணே. நல்லாத்தான் இருந்துச்சு. கடைசிப் பக்கத்துல அந்த இடைக்கால ஏற்பாடு மட்டும் யாரு எழுதுனது?"

"குழுவில் விவாதித்து எடுத்த முடிவு."

"கையெழுத்து ஒங்களோடதுல்லா."

"கூட்டவை நிலைகுலையாமல் இருக்க அப்படி ஒரு பிரிவு தேவைப்படுகிறது, பெனிட்டா. நடைமுறை என்று ஒன்று இருக்கிறது."

"எங்க பிரின்சிபாலும் இதேதாம்ண்ணே சொன்னாரு. தண்ணித் தொட்டியப் பத்தி."

பிறகு அவள், ஐந்து பேரில் ஒருத்தி, ரூபாவதி என்று பெயர், படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

சின்னப் பெண். உணர்ச்சிவசப்படுகிறாள். அமைப்பு எப்படி இயங்குகிறது என்பது போகப் போகப் புரியும்.

ஜூலை 20

சரியாகச் சாப்பிடவில்லை. மெஸ்ஸில் சாம்பார் சரியில்லை. தண்ணீரும் ஒரு மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 1

நாக்பூர் ஏற்பாடுகள். இடைக்கால ஏற்பாட்டை நீக்க வேண்டும் என்று பெனிட்டா ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறாளாம். அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"என் விஷயத்துக்கு நானே தலைமை தாங்கினா நல்லா இருக்காது. அந்த நேரத்துக்கு நீ மேடையில உக்காரு. மாநிலக் குழு வழியா வரலைன்னு தள்ளிடு. ரெண்டு நிமிஷ வேலை."

சரி என்றேன். விதிப்படி மாநிலக் குழு வழியாகத்தான் வர வேண்டும். தமிழ்நாட்டு மாநிலக் குழுவின் தலைவர் யார் என்று தேடினேன். அதுவும் பரந்தாமன் அண்ணன்தான்.

ஆகஸ்ட் 8

நாக்பூர். ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு. வாசலில் போன கல்யாணத்தின் சாமந்தித் தோரணம் இன்னும் தொங்குகிறது. ரயில் ஏ.சி.யில் எனக்குச் சளி பிடித்துக் காது அடைத்துவிட்டது.

ஊர் சுற்றிப் பார்க்க வருவார்கள் என்று அண்ணன் சொன்ன சின்னப் பசங்கள் யாரும் ஊர் சுற்றவில்லை. அசாமிலிருந்து, கேரளாவிலிருந்து, ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து வரைவைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பேனாவால் கோடு போட்டுப் படித்தார்கள். நான் எழுதிய எதையும் இதுவரை யாரும் கோடு போட்டுப் படித்ததில்லை. வேதநாயகி மேடம்கூட ஓரத்தில் கேள்விக்குறிதான் போடுவார்கள்.

பெனிட்டா ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "சாப்ட்டியளாண்ணே?" என்று கேட்டாள். கோபமாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 9

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை அமர்வுக்கு நான் தலைமை. அண்ணன் முன் வரிசையில். பெனிட்டா எழுந்து தன் திருத்தத்தைப் படித்தாள். தமிழில் பேசினாள், நடுநடுவே ஆங்கிலம். திருவனந்தபுரத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்று இந்தியில் சொன்னான்.

"பொறுப்பில இருக்கறவங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. எங்க கல்லூரியில அஞ்சு பேருக்குப் பிரச்சினை. ஒரு கடுதாசி கொடுக்கக்கூட இங்க கூட்டம் கூட ஆளில்ல. இருக்கறவங்க இன்னும் ரெண்டு தேர்தலுக்கு இருந்தா, அதுக்குள்ள நாங்க படிப்ப முடிச்சிருவோம், இல்லன்னா விட்ருவோம். ஒருத்தி விட்டுட்டா. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, மாநிலக் குழு வழியாக வராத திருத்தம் செல்லாது என்றார். ஏற்கெனவே சொல்லி வைத்த ஆள். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். ரயிலிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஆனால் காது அடைத்திருந்தது. ஒலிபெருக்கி வேறு கீச்சென்று கத்தியது. அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "ஆட்சேபம் புரியவில்லை. திருத்தத்தை வழிமொழிபவர் யாராவது உண்டா?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது முறை மேடைக்கு அருகே வந்து கத்தினார். சளி இப்படியெல்லாம் படுத்தும்.

அப்போது பிஸ்வஜித் எழுந்து நின்றார். விழித்திருந்தார். "நான் வழிமொழிகிறேன்" என்று தெளிவான தமிழில் சொன்னார். இத்தனை நாளும் எங்கள் கூட்டங்களில் என்ன பேசினோம் என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. எனக்கு லேசாக வியர்த்தது.

வாக்கெடுப்பு. ஆதரவாகத் தூக்கிய கைகளை எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது முன் வரிசை மட்டும் தூக்கியது. முன் வரிசையிலும் அண்ணன் தூக்கவில்லை. கையை மடியிலேயே வைத்திருந்தார்.

திருத்தத்தோடு வரைவு முழுவதும் நிறைவேறியதாக அறிவித்தேன். அதோடு அண்ணன் பதவி போயிற்று. என் பதவியும் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மாலையில் புதிய செயற்குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் அசாமைச் சேர்ந்த பெண், ரஞ்சிதா பொரா, இருபத்து மூன்று வயது. பெனிட்டாவையும் நிற்கச் சொன்னார்களாம். "நான் முதல்ல பரீட்சை எழுதணும்" என்று சொல்லிவிட்டாளாம்.

ஆகஸ்ட் 10

திரும்பும் ரயிலில் எனக்கு எதிர் இருக்கை அண்ணனுக்கு. டிக்கெட் எடுக்கும்போது நான்தான் அப்படிப் போடச் சொன்னேன், பெருமையாக. வார்தா தாண்டும் வரை அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் மேல் பெர்த்தைப் பார்த்தேன்.

மதியம் பையிலிருந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். ஒரு இலையை என் பக்கம் தள்ளினார்.

"அண்ணி கட்டிக் கொடுத்தது. கெடாது."

சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "காது இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பரவாயில்லண்ணே."

"நேத்து காலையில டீக்கடையில நான் மெதுவாத்தான் பேசினேன். அதெல்லாம் நல்லா கேட்டுச்சு உனக்கு."

நான் இலையில் மிச்சமிருந்த வேர்க்கடலையைப் பொறுக்கினேன்.

"நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன் இசக்கி. தள்ளியிருப்பேன்." கையை இலையின் ஓரத்தில் துடைத்துக்கொண்டார். "இருபத்திரண்டு வயசுல இருந்தா, நானும் அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னிருப்பேன். அதையும் சொல்லிடறேன்."

"நீங்க ஏன்ணே கை தூக்கல?"

"தூக்கத் தோணல." வெளியே பருத்திக் காடு ஓடிக்கொண்டிருந்தது. "நாளைக்குக் காலையில எழுந்து எங்க போறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். அந்த நேரத்துல கை மறந்துபோச்சு."

சாப்பிட்ட இலைகளை அவரே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் எதையும் தானே எடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 13

அறையைக் காலி செய்தேன். காலி செய்ய ஒன்றுமில்லை. பெயர்ப்பலகையை ஏற்கெனவே யாரோ கழற்றி ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். புதியவர்கள் வேகமாகத்தான் இருக்கிறார்கள்.

வேதநாயகி மேடத்தைப் போய்ப் பார்த்தேன். "உயிரோடதான் இருக்கியா?" என்றார்கள்.

ஆகஸ்ட் 22

புதிய செயற்குழு கூடிய அன்றே தீர்மானம் போட்டு, ரஞ்சிதாவும் இன்னும் மூன்று பேரும் கோவைக்குக் கிளம்பினார்கள். சட்டப் பிரிவுகளை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். பொறுப்பு எதுவும் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போவது விசித்திரமாக இருந்தது. யாரும் மாலை போடவில்லை. கழுத்து லேசாக இருந்தது.

நிர்வாகம் முதலில் பேச மறுத்தது. பல்கலைக்கழகத்தில் முறையிட்ட மனுவின் நகலைக் காட்டியதும் பேசியது. பெனிட்டாவும் இரண்டு பேரும் உடனே வகுப்புக்குப் போகலாம். இன்னொரு பையன் மீது விசாரணை தொடருமாம், பிரின்சிபாலை ஒருமையில் பேசினானாம். தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, அதை ஆராய ஒரு குழு போட்டிருப்பதாகச் சொன்னார்கள். எனக்குக் குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதால், தேதி போட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். முறைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள்.

ரூபாவதி வரவில்லை. பெனிட்டா திருப்பூருக்கே நேரில் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். "வீட்டுக்குச் சம்பளம் வருது, இனி விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது பெனிட்டா என்னைப் பார்க்கவில்லை. ஜூலை மாதத்தில் ஏ.சி. ஓடாத அறையில் இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது யார் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது பஸ் நிலையம் வரை வந்தாள். "சளி போயிருச்சாண்ணே?" என்றாள். போய்விட்டது என்றேன்.

செப்டம்பர் 14

இன்று ராயப்பேட்டையில் புதிய செயற்குழுவின் திறந்த கூட்டம். எந்தக் கிளையிலிருந்து யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாமாம். மூன்றாம் அத்தியாயம் எழுதி அலுத்துப்போய், அந்தப் பக்கமாகப் போனேன். வேலை இருந்தது, அந்தப் பக்கம்.

மாடிப்படியின் மேலே ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வருட மாணவியாக இருப்பாள். "சார், நீங்க யாரோட அப்பா?" என்று கேட்டாள்.

யாரோட அப்பாவும் இல்லை என்றேன்.

"ஸ்டூடன்ட்ஸ் மட்டும்தான் சார் உள்ள. பேரன்ட்ஸ் இங்க படியில உக்காந்துக்கலாம்."

ஆராய்ச்சி மாணவரும் மாணவர்தான் என்று வாதாடியிருக்கலாம். சட்டப்படி எனக்கு இடம் உண்டு. வாதாடவில்லை. படியில் உட்கார்ந்தேன். கீழே மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கும் சத்தம்.

உள்ளே ரஞ்சிதா ஏதோ அறிக்கை படித்துக்கொண்டிருந்தாள். பாதியிலேயே ஒரு பையன் குறுக்கிட்டான். இதை யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்றான். இன்னொருத்தி, போன கூட்டத்தில் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்றாள். ரஞ்சிதா பதில் சொல்ல, அது போதாது என்று மூன்றாவது குரல். ஒரே இரைச்சல். இந்தியும் தமிழும் ஆங்கிலமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. இந்த மாடியில் நான் கலந்துகொண்ட எந்தக் கூட்டத்திலும் தலைவரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பஜ்ஜி இன்னும் வருமா என்று கேட்டிருக்கிறோம்.

வாசலில் இருந்த பெண் சங்கடப்பட்டாள். "சாரி சார். உள்ள சண்டை மாதிரி இருக்கு. கதவைச் சாத்திடட்டுமா?"

"வேண்டாம்மா. திறந்தே இருக்கட்டும்" என்றேன்.

படியில் புழுக்கமாக இருந்தது. காற்றுக்காகத்தான் சொன்னேன்.